வாடகை வீட்டு ஹீட்டர்ல ரெண்டு தடவ தெர்மோஸ்டாட் மாத்தியும் சரியாகலன்னா, யார் மேல தப்பு?

மொதல்ல கேள்விய சுருக்கமா சொல்லிடறேன். வாடகை வீடு, பாத்ரூம்ல 50 லிட்டர் கரண்ட் ஹீட்டர். ஒருநாள் கைய வெக்க முடியாத கொதி, மறுநாள் வெதுவெதுப்பு கூட இல்ல. கீழ் மூடிக்குள்ள ஒரு செகப்பு பட்டன் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, அத அமுக்குனா ரெண்டு நாள் ஓடுது, திரும்ப நிக்குது. குறிச்ச சூடு வந்ததும் கரண்ட வெட்டற பாகம்தான் தெர்மோஸ்டாட், மூணு மாசத்துல அதுல ரெண்டு மாத்தியாச்சு. ஓனர் சொல்றாரு, சூட்டக் கூட்டிக் கொறைக்கற குமிழ ஃபுல்லுக்குத் திருகி வெச்சு ஓட்டுனதாலதான் போச்சு, ரெண்டு தடவ செலவையும் டெபாசிட்ல புடிச்சுக்குவேன்னு. நீங்க கேக்கறது மூணு விஷயம்: ஃபுல்லா வெச்சா தெர்மோஸ்டாட் போகுமா, உண்மையிலயே போனது அதுதானா, சரி பண்ற வரைக்கும் வாடகைய நிறுத்தி வெக்கலாமா.

ஃபுல்லா வெச்சா தெர்மோஸ்டாட் போகாதுங்க. குமிழ்ல கடைசி எண் வரைக்கும் திருகறதுக்குத்தான் அத செஞ்சிருக்காங்க, கடைசி எண்ல வெச்சா தண்ணி இன்னும் கொஞ்சம் சூடானப்புறம் கரண்ட வெட்டும், அவ்ளோதான் வித்தியாசம். அதிக சூட்ல ஓட்டுனா உப்பு கொஞ்சம் வேகமா படியும், அது உண்மை, ஆனா அது வருஷக்கணக்குல நடக்கற வேலை, ஆறு வாரத்துல ஒரு புது தெர்மோஸ்டாட்ட சாகடிக்காது. அதனால ஓனர் சொன்ன காரணம் நிக்காது. ஆனா அதுக்காக நீங்க சொல்றது எல்லாம் சரின்னும் ஆயிடாது, அதுக்கு அப்புறம் வரேன். ஒரே எடத்துல மூணு மாசத்துக்குள்ள ரெண்டு தெர்மோஸ்டாட் போச்சுன்னா என் அனுபவத்துல தெர்மோஸ்டாட் குத்தவாளி இல்ல, அதுதான் அடி வாங்குன ஆளு. அடிக்கறவன் வேற எங்கயோ ஒளிஞ்சிருக்கான், அவன புடிக்காம மூணாவது மாத்துனாலும் இதே கதைதான். யார் காசு குடுக்கறதுங்கற சண்டையும் அவன புடிச்சாதான் தீரும், ஏன்னா செத்துப்போன பாகம் எப்படி செத்துச்சுன்னு அதோட ஒடம்புலயே எழுதியிருக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க, இல்லன்னா மெக்கானிக் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான். நெறைய டேங்க் ஹீட்டர்ல இருக்கறது குச்சி மாதிரி நீளமான தெர்மோஸ்டாட். வெளிய ஒரு பித்தளைக் குழாய், உள்ள இன்வார்னு ஒரு உலோகத்துல கம்பி. இரும்போட சுமார் 36 சதவீதம் நிக்கல் கலந்தது இன்வார், சூடு பட்டா நீளறதே இல்லன்னு சொல்ற அளவுக்குத்தான் நீளும், 1896-ல ஷார்ல் எதுவார் கியோம்ங்கறவர் கண்டுபிடிச்சாரு, 1920-ல இயற்பியல் நோபலே குடுத்தாங்க. தண்ணி சூடாக ஆக பித்தளை நீளுது, இன்வார் அப்படியே நிக்குது, அந்த வித்தியாசம்தான் சுவிட்ச திறக்குது. எவ்ளோ வித்தியாசம் தெரியுமா, 30 செ.மீ குழாய்ல 40 டிகிரி ஏறுனா கால் மில்லிமீட்டருக்கும் கம்மி! இவ்ளோ நுணுக்கமான சாமான் மேல உப்பு ஓடு மாதிரி படிஞ்சா, இல்ல மாட்டும்போது லேசா வளைஞ்சுட்டா, அது சொல்ற சூடு ஒண்ணு தண்ணியோட சூடு ஒண்ணா ஆயிடும். இன்னொரு வகை, சின்ன குமிழியும் மெல்லிய செம்புக் குழாயும் உள்ள திரவமும் வெச்சு வேலை செய்யறது. புது மாடல்கள்ல எலக்ட்ரானிக் சென்சார். வேலை எல்லாத்துக்கும் ஒண்ணுதான், குறிச்ச சூடு வந்ததும் வெட்டணும், கொஞ்சம் ஆறுனதும் திரும்ப விடணும்.

அந்த செகப்பு பட்டன் தெர்மோஸ்டாட் கிடையாது. அது கட்-அவுட், ரெண்டாவது காவக்காரன். தெர்மோஸ்டாட் வெட்டாம விட்டு தண்ணி கொதிநிலை பக்கத்துல போனா இது வெட்டிடும், தானா திரும்ப சேராது, ஆள் வந்து என்னாச்சுன்னு பாக்கணும்னுதான் கையால அமுக்கற மாதிரி வெச்சிருக்காங்க. நீங்க அத வாரத்துக்கு ரெண்டு தடவ அமுக்கறீங்கன்னு எழுதியிருக்கீங்க, மொதல்ல அத நிறுத்துங்க. மூடிய கழட்டும்போது மெயின ஆஃப் பண்றீங்களான்னு கூட நீங்க சொல்லல, எனக்கு அதுவே வயித்தக் கலக்குது. ஒரு தடவ அமுக்கலாம், திரும்ப வந்துச்சுன்னா அந்த ஹீட்டருக்குப் போற சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு அடுப்புல தண்ணி வெச்சுக் குளிங்க, அசௌகரியம்தான், ஆனா உசுரோட இருக்கலாம்.

சரி, ஒளிஞ்சிருக்கற ஆள் யாரு. நான் அதிகமா பாத்தது லூஸ் கனெக்‌ஷன். 230 வோல்ட்ல 2000 வாட் ஹீட்டர் இழுக்கறது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர், 3000 வாட்டுன்னா 13. இவ்ளோ கரண்ட் போற எடத்துல வயர் முனை இறுக்கமா இல்லன்னா அந்த முனையே குட்டி ஹீட்டர் ஆயிடும். பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் பழுப்பாகும், உருகும், சுவிட்ச் கான்டாக்ட் ஒட்டிக்கும், இல்ல எரிஞ்சு விட்டுப்போகும். மெக்கானிக் வராரு, தெர்மோஸ்டாட் எரிஞ்சிருக்கறத பாக்கறாரு, புதுசு போடறாரு, ஆனா அதே கருகிப்போன வயர் முனைய புதுசுல சொருகிட்டுப் போயிடறாரு. ஆறு வாரத்துல புதுசும் அதே மாதிரி கருகுது. உங்க பழைய தெர்மோஸ்டாட் ரெண்டும் கையில இருந்தா முனைகள பாருங்க, கருப்பு இல்ல பழுப்பு இருந்தா பதில் கெடச்சாச்சு. கையில இல்லன்னு சொல்வீங்கன்னு நெனைக்கிறேன், யாரும் வாங்கி வெச்சுக்கறதே இல்ல, அங்கதான் பாதி வழக்கு தோத்துப்போகுது.

அடுத்தது உப்பு. உப்புத் தண்ணி வர்ற எடம்னா, தண்ணிய சூடாக்கற காயில் மேல வெள்ளையா ஓடு கட்டும், சூடு வெளிய தண்ணிக்குப் போக முடியாம காயில் பக்கத்துலயே தேங்கும், தெர்மோஸ்டாட் குச்சி இருக்கறதும் அந்தப் பக்கம்தான், அதுக்கு சூடு சீக்கிரமா தெரிஞ்சு சீக்கிரமா வெட்டிடும், மேல இருக்கற தண்ணி இன்னும் ஆறித்தான் கெடக்கும். குச்சி மேலயே உப்பு படிஞ்சா அதுக்கு நேர் எதிரா, சூடு லேட்டா தெரிஞ்சு தண்ணி ஓவரா கொதிக்கும். ஒரே வியாதி, ரெண்டு எதிர் எதிரான அறிகுறி, அதனாலதான் "ஒருநாள் கொதி, ஒருநாள் பச்சத்தண்ணி"ன்னு நீங்க சொன்னதும் எனக்கு மொதல்ல தோணுனது இதுவும் அந்த லூஸ் கனெக்‌ஷனும்தான். ஹீட்டர் ஓடும்போது உள்ளருந்து மடமடன்னு, பொரியற மாதிரி சத்தம் கேட்டா அது உப்புதான்.

மூணாவது கொஞ்சம் அபூர்வம், ஆனா ஆபத்தானது, அனுபவம் இருக்கறவங்களே இத கோட்டை விட்டிருக்காங்க. பல தெர்மோஸ்டாட் ஒரே ஒரு வயரத்தான் வெட்டும். வயரிங்ல லைனும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) மாறியிருந்தா அது வெட்டறது நியூட்ரல. அந்த நேரத்துல காயில்ல ஓட்ட விழுந்து எர்த்துக்கு லீக் இருந்துச்சுன்னா, தெர்மோஸ்டாட் வெட்டுனப்புறமும் லைன்லருந்து காயிலோட ஒரு பகுதி வழியா எர்த்துக்கு கரண்ட் போயிக்கிட்டே இருக்கும், தண்ணி மெதுவா கொதிச்சுக்கிட்டே இருக்கும். கட்-அவுட் ரெண்டு வயரையும் வெட்டற ரகமா இருந்தா அது ஒண்ணுதான் காப்பாத்துது. இந்த நெலமைல பத்து தெர்மோஸ்டாட் மாத்துனாலும் ஒண்ணும் ஆகாது. லீக்க உடனே கண்டுபுடிச்சு வெட்டற ட்ரிப் சுவிட்ச் இருக்கற வீட்ல இது மொதல் நாளே மாட்டிக்கும், இல்லாத வீட்லதான் இப்படி மாசக்கணக்குல ஓடும். தண்ணியத் தொடும்போது லேசா சுருக்குன்னு அடிச்சுச்சா? அடிச்சிருந்தா மேல படிக்காம போய் மெயின ஆஃப் பண்ணுங்க.

இப்ப எதையும் கழட்டாம நீங்களே பாக்கக்கூடிய சோதனைங்க. செகப்பு பட்டன் வெளிய வராம ஹீட்டர் ஓடற வரைக்கும்தான் இதெல்லாம், வந்துட்டா ஆஃப்தான். ஹீட்டர் லைட்டு நெறைய சொல்லும். பெரும்பாலான ஹீட்டர்ல அந்த லைட்டு தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம், காயிலோட சேர்ந்து இருக்கும். லைட்டு எரியுது, மணிக்கணக்கா ஆகியும் தண்ணி சில்லுன்னே இருக்குன்னா காயில் போச்சு, தெர்மோஸ்டாட் பாவம் ஒண்ணும் பண்ணல. லைட்டு அணையாம எரியுது, தண்ணி ஆவி பறக்குதுன்னா கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு. லைட்டே எரியல, தண்ணி பச்சத்தண்ணின்னா தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ இல்ல கரண்டே வரலியோ, இந்த மூணுல ஒண்ணு. அப்புறம் நேரம். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 1.16 வாட்-மணி வேணும், 50 லிட்டர 25 டிகிரிலருந்து 60-க்கு கொண்டுபோக சுமார் 2 யூனிட், அதாவது 2000 வாட் காயில்னா ஒரு மணி நேரம் சொச்சம். உங்களுது ரெண்டு மணி நேரம் எடுக்குதுன்னா காயில் முழு வேலை செய்யல. இருபது நிமிஷத்துலயே லைட்டு அணைஞ்சு தண்ணியும் ஆறியிருந்தா உப்பு, இல்ல தெர்மோஸ்டாட் பொய் சொல்லுது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்குங்க, லைட்டு அணைஞ்ச உடனே சுடுதண்ணிக் குழாய மட்டும் ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஒரு மக்குல புடிச்சு அளந்து ஒரு வாரம் தேதியோட எழுதி வைங்க. "சூடே வர மாட்டேங்குது"ன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, "செவ்வாய் 38, புதன் 79, வியாழன் 31"ன்னு தாள நீட்டுனா பேச்சே மாறிடும்.

இன்னொரு சோதனை இருக்கு, இத நான் ரொம்ப வருத்தத்தோட கத்துக்கிட்டேன். ஒரு வீட்டுக்குப் போனேன், ஓனரும் குடியிருந்தவரும் மூணு வாரமா மொகம் குடுத்துப் பேசிக்கல, ரெண்டு பேருக்கும் நடுவுல நான். தண்ணி சூடு வர மாட்டேங்குதுன்னாங்க, நானும் பெரிய ஆள் மாதிரி தெர்மோஸ்டாட்ட மாத்திட்டு காசும் வாங்கிட்டு வந்துட்டேன். நாலு நாள்ல ஃபோன், அதே கதை. திரும்பப் போய் உக்காந்து யோசிச்சப்பதான் கண்ணுல பட்டுச்சு, அங்க ஒரு கை ஷவர், அதோட மிக்சர்ல சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் ரெண்டும் திறந்தே இருக்கு, ஷவர் தலையில இருக்கற பட்டன்ல மட்டும் அடைச்சு வெச்சிருக்காங்க. பச்சத்தண்ணி மிக்சர் வழியா சுடுதண்ணிக் குழாய்க்குள்ள பூந்து வீடு பூரா கலந்துக்கிட்டு இருந்துச்சு. ஹீட்டர்ல ஒரு குறையும் இல்ல! வாங்குன காச திருப்பிக் குடுத்தேன், அது வேற விஷயம். சோதனை ரொம்ப சிம்பிள், ஹீட்டருக்கு உள்ள போற பச்சத்தண்ணி வால்வ அடைங்க (சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு), அப்புறம் ஏதாவது ஒரு சுடுதண்ணிக் குழாய திறங்க. கொஞ்சம் சொட்டி நின்னுட்டா சரி. நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா எங்கயோ பச்சத்தண்ணி இந்தப் பக்கம் வருது, ஹீட்டர விட்டுட்டு மிக்சர்கள ஒவ்வொண்ணா பாருங்க. வாஷ்பேசின்ல சூடு வருது ஷவர்ல மட்டும் வரலன்னாலும் ஹீட்டர் நிரபராதிதான், அந்த ஷவர் மிக்சர் உள்ள இருக்கற பாகம் அடைச்சிருக்கும்.

மெக்கானிக் வரும்போது நீங்க கேட்டு வாங்க வேண்டிய எண் ரெண்டு. காயிலோட மின்தடைய மீட்டர்ல அளந்தா 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கத்துல வரணும், 3000-க்கு 17, 18. எண்ணே வரலன்னா காயில் அறுந்துபோச்சு. ரெண்டாவது, காயில் முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவுல, அது மெகா ஓம் (ஒரு மெகா ஓம்னா பத்து லட்சம் ஓம்) கணக்குல இருக்கணும், அதுக்கு இன்சுலேஷன் பாக்கற மீட்டர் வேணும், சாதா மீட்டர் சில சமயம் ஏமாத்தும். இந்த ரெண்டையும் அளக்காம "தெர்மோஸ்டாட்தான் சார்"னு சொல்றவரு குறி சொல்றாருன்னு அர்த்தம். அதே மாதிரி "பார்ட் கெடைக்கல, தெர்மோஸ்டாட் இல்லாமலே டைரக்ட் பண்ணி விட்டுட்டேன், நீங்களே பாத்து ஆஃப் பண்ணிக்குங்க"ன்னு ஒருத்தர் சொன்னார்னா அவர வாசல் வரைக்கும் கொண்டுவிட்டுட்டு சுவிட்ச அணைச்சுடுங்க. தெர்மோஸ்டாட்டும் இல்ல, கட்-அவுட்டும் இல்ல, உள்ள அழுத்தம் ஏறுனா தண்ணிய வெளிய விடற சேஃப்டி வால்வும் உப்புல இறுகியிருக்குன்னா அது ஹீட்டர் இல்ல, மூடி போட்டு கொதிக்கவெச்ச டேங்க், இப்படி வெடிச்சதும் உண்டு.

சேஃப்டி வால்வு பத்தி ஒரு வரி. தண்ணி 20-லருந்து 60 டிகிரி போனா ஒன்றரை சதவீதம் பெருகும், 50 லிட்டர்ல முக்கால் லிட்டர். அது திரும்பிப் போக வழி இல்லாத மாதிரி ஒருவழி வால்வு இருந்தா சூடாகும்போது சேஃப்டி வால்வு சொட்டும், சொட்டணும், அது ரிப்பேர் இல்ல. அத யாராவது பிளக் போட்டு அடைச்சா சண்டை போட்டாவது கழட்ட வைங்க. ஆனா ஹீட்டர் ஆஃப்ல இருக்கும்போதும் விடாம சொட்டுதுன்னா அது வேற, அப்ப வால்வே போயிருக்கலாம், இல்ல வர்ற தண்ணி பிரஷர் ஜாஸ்தியா இருக்கலாம்.

கேஸ் ஹீட்டர்னா இதுல பாதி பொருந்தாது. அங்க தண்ணி ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழ போனா தீயே பத்தாது, ஷவர் தலை அடைச்சிருந்தாலே "ஹீட்டர் போச்சு"ன்னு தோணும், அதச் சுத்தம் பண்ணிப் பாருங்க. தீ மஞ்சளா எரிஞ்சா, குளிக்கும்போது தலைவலி கெறக்கம் வந்தா கேஸ அடைச்சுட்டு வெளிய வந்துடுங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கெடையாது. கேஸ் பக்கம் நீங்களே எதையும் திறக்காதீங்க.

எத்தன டிகிரில வெக்கறதுங்கறதும் ஓனருக்கும் குடியிருக்கறவருக்கும் நடக்கற சண்டைதான். கரண்ட் மிச்சம்னு சொல்லி 45-ல வெச்சு குமிழையே புடுங்கிட்டுப் போற ஓனர் உண்டு. தேங்கி நிக்கற தண்ணி 20-லருந்து 45 டிகிரிக்குள்ள இருந்தா லீஜியனெல்லாங்கற கிருமி நல்லா வளரும், 1976-ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு ஹோட்டல்ல அமெரிக்கன் லீஜியன்ங்கற முன்னாள் ராணுவ வீரர்கள் அமைப்போட மாநாட்டுக்கு வந்தவங்க நெறைய பேர் நிமோனியாவுல விழுந்து செத்தாங்களே, அதுக்கப்புறம்தான் இந்தக் கிருமிய அடையாளம் கண்டாங்க, பேரும் அந்த அமைப்போட பேர்லருந்து வந்ததுதான். 60-ல இது நிமிஷக் கணக்குல செத்துடும். அதனால டேங்க்ல 60 வெக்கறதுதான் சரி. ஆனா 60 டிகிரி தண்ணி பெரியவங்க தோலையே சுமார் அஞ்சு செகண்ட்ல ஆழமா வெந்துபோக வெச்சிடும், கொழந்தைக்கு அதவிடக் கம்மி. 49-ல அதே அளவு வேக சில நிமிஷம் ஆகும். அப்ப என்ன பண்றதுன்னா டேங்க்ல 60, குழாய்க்கு வர்ற எடத்துல பச்சத்தண்ணி கலந்து எறக்கற மிக்சிங் வால்வு. கொழந்தையோ வயசானவங்களோ இருக்கற வீடுன்னா இத ஓனர்கிட்ட எழுதியே கேளுங்க, நியாயமான கோரிக்கைதான்.

இப்ப காசு விஷயம். சட்டம் நாட்டுக்கு நாடு நேர் எதிரா இருக்கு, அதனால "ஓனர்தான் பாக்கணும், அதான் ரூல்"னு யாராவது அடிச்சு சொன்னா எந்த ஊர் ரூல்னு கேளுங்க. இங்கிலாந்துல 1985 வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டம் 11-வது பிரிவுப்படி, ஏழு வருஷத்துக்குக் கம்மியான வாடகை ஒப்பந்தத்துல தண்ணி சூடாக்கற அமைப்ப ஓட்டத்துல வெச்சிருக்கறது ஓனர் பொறுப்பு, ஆனா குடியிருக்கறவர் தெரிவிச்சப்புறம்தான் அது ஆரம்பிக்கும். இந்தியாவோட 2021 மாதிரி வாடகைச் சட்டத்துல ரெண்டாவது அட்டவணைய பாத்தீங்கன்னா கீசர் ரிப்பேர குடியிருக்கறவர் செய்ய வேண்டிய வேலைங்க பட்டியல்ல போட்டிருக்காங்க, உள் வயரிங்கும் வெளி வயரிங்கும் ஓனர் பக்கம் (அது மாதிரிச் சட்டம்தான், மாநிலம் எடுத்துக்கிட்டா மட்டும்தான் செல்லும்). இதுலயே ஒரு நுணுக்கம் பாருங்க, தண்ணி ஓவரா கொதிச்சதுக்குக் காரணம் செவுத்துக்குள்ள வர்ற வயர்ல லைன் நியூட்ரல் மாறுனதுன்னு நிரூபிச்சா அது வயரிங் பிரச்சனை ஆயிடுது, கீசர் ரிப்பேரா தெரிஞ்சது ஓனர் தலைக்குத் திரும்புது. ரிப்பேருங்கற வார்த்தைக்குள்ள பத்து வருஷம் ஓடி டேங்கே துரு புடிச்சுப்போன ஹீட்டர புதுசா வாங்கறதும் அடங்குமான்னா, என்னைக் கேட்டா அடங்காது. உங்க அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல படிங்க, அப்புறம் உங்க ஊர் சட்டம்.

போன பாகம் என்ன சாட்சி சொல்லும்னா, கான்டாக்ட் தேஞ்சது, உப்பு படிஞ்சது, டேங்க துருவுலருந்து காக்க உள்ள வெச்சிருக்கற மக்னீசியம் கம்பி கரைஞ்சு டேங்க் துரு புடிச்சது, இதெல்லாம் வயசு, யாரோட குத்தமும் இல்ல, அக்ரிமென்டோ உங்க ஊர் சட்டமோ வேற மாதிரி சொல்லலன்னா பொருளுக்குச் சொந்தக்காரர் செலவு. காயில் மொத்தமா கருத்து வெடிச்சிருந்தா பெரும்பாலும் தண்ணி இல்லாம ஆன் பண்ணியிருக்காங்க. அது நீங்களா இருக்கலாம், தண்ணி வராத அன்னிக்கு சுவிட்ச போட்டு மறந்திருக்கலாம். ஆனா சர்வீஸ் பண்ணிட்டு டேங்க் நெறையறதுக்குள்ள சுவிட்ச போட்டு "ஓடுது பாருங்க"ன்னு காட்டுன மெக்கானிக்காவும் இருக்கலாம், தேதிய ஒப்பிட்டுப் பாருங்க. குமிழ் ஒடைஞ்சிருக்கு, வயர் யாரோ பிரிச்சு டேப் சுத்தியிருக்குன்னா அது கை வெச்சவர் பொறுப்பு. அப்புறம் நீங்க கேக்க விரும்பாத ஒண்ணு: ரெண்டு மாசமா டேங்க் ஒழுகறது தெரிஞ்சும் சொல்லாம இருந்து செவுரு ஊறிப்போச்சுன்னா ஒழுகல் வேணா ஓனர் கணக்கு, ஊறுன செவுத்துல ஒரு பங்கு உங்க கணக்கு. அதே மாதிரி மெக்கானிக்க அனுப்பறேன்னு ஓனர் மூணு தடவ சொல்லி மூணு தடவையும் நீங்க "இன்னிக்கு முடியாது"ன்னு சொல்லியிருந்தா உங்க பேச்சுக்கு வலு போயிடும்.

ஃபோன்ல சண்டை போடாதீங்க, எழுதுங்க. இப்படி இருந்தா போதும்: "வணக்கம். பாத்ரூம் ஹீட்டர்ல 3-ம் தேதிலருந்து தண்ணி சில நாள் 75 டிகிரிக்கு மேலயும் சில நாள் 35-க்குக் கீழயும் வருது, அளவு இணைச்சிருக்கேன். கட்-அவுட் நாலு தடவ விழுந்துச்சு. தெர்மோஸ்டாட் ஏற்கெனவே ரெண்டு தடவ மாத்தியும் சரியாகல, அதனால காயில், வயர் முனை, எர்த் லீக் மூணையும் அளந்து எழுதிக் குடுக்கற ஒருத்தர அனுப்புங்க. பாதுகாப்புக்காக ஹீட்டர ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். வர்ற சனி, ஞாயிறு முழு நாளும் வீட்ல இருப்பேன்." இதுல கோவமும் இல்ல கெஞ்சலும் இல்ல, பின்னாடி யார்கிட்ட காட்டுனாலும் நடந்தது என்னன்னு தெரியும். ஹீட்டர் மேல ஒட்டியிருக்கற தகட்ட ஃபோட்டோ எடுத்து வைங்க, தயாரிச்ச வருஷம் இல்லன்னா சீரியல் நம்பர் அதுல இருக்கும், வயச நிரூபிக்க அதவிட நல்ல சாட்சி இல்ல. கழட்டுன பழைய பாகத்த "எனக்கு வேணும்"னு கேட்டு ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க.

வாடகைய நிறுத்தலாமான்னா, நீங்களா முடிவு பண்ணி நிறுத்தாதீங்க. பல ஊர்ல வாடகை பாக்கிங்கறது காலி பண்ணச் சொல்ல ஓனருக்கு நேரடியா கெடைக்கற காரணம், ஹீட்டர் கேஸ்ல உங்க பக்கம் நியாயம் இருந்தாலும் வாடகை கேஸ்ல நீங்க குத்தவாளி ஆயிடுவீங்க. அவர் இழுத்தடிச்சா ரெண்டு எடத்துல விலை கேட்டு அவருக்கு அனுப்பி, "இதுல எதுன்னு சொல்லுங்க, நான் செஞ்சு பில் குடுத்துட்டு அடுத்த மாச வாடகைல கழிச்சுக்கறேன்"னு கேளுங்க, "சரி"ன்னு ஒரு வார்த்தை எழுத்துல வந்தப்புறம் மட்டும் செய்யுங்க. வாய்ல சொன்ன சரி ஒண்ணாந்தேதி ஞாபகம் இருக்காது.

டெபாசிட் விஷயத்துல, அவர் புடிக்கறேன்னு சொல்றது ரெண்டு தெர்மோஸ்டாட் செலவு. அதுக்கு அவர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது, மொதல் தெர்மோஸ்டாட் மாத்துன அன்னிக்கு மெக்கானிக் காயில அளந்தாரா, எர்த் லீக் பாத்தாரா, வயர் முனை மாத்துனாரா, எதுக்காவது சீட்டு இருக்கா. இல்லன்னா காரணத்தக் கண்டுபுடிக்காம போட்ட ரெண்டாவது தெர்மோஸ்டாட்டுக்கு எந்தக் கணக்குல பாத்தாலும் நீங்க காசு குடுக்க வேண்டியதில்ல, அது அந்த மெக்கானிக்கிட்ட கேக்க வேண்டிய காசு. மொதல் ஒண்ணுக்கு உங்க அக்ரிமென்ட் "சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் செலவு"ன்னு சொன்னா அத மட்டும் குடுத்துட்டு விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன், ஒரு தெர்மோஸ்டாட் விலைக்காக ஒரு வருஷம் ஒரே வாசல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கறது கஷ்டம். ஆனா ஆறாவது மாசம் புது ஹீட்டர் வாங்கிட்டு அதோட முழு விலையையும் டெபாசிட்ல கழிக்கப் பாத்தார்னா விடாதீங்க. உங்க தப்பாவே இருந்தாலும் பழசுக்கு மிச்சம் இருந்த ஆயுசுக்கு என்ன மதிப்போ அவ்ளோதான் உங்க பங்கு, பத்து வருஷப் பழசுக்கு அது சொற்பம்.

சனிக்கிழமை ஆள் வரும்போது காயில் ஓம், எர்த் லீக், வயர் முனை கலர், இந்த மூணையும் குறிச்சு அனுப்புங்க, அடுத்தது என்னன்னு அத வெச்சு சொல்லிடலாம். அதுவரைக்கும் அந்த செகப்பு பட்டன் பக்கம் போகாதீங்க.